சுடப்படாத பழைய ரிவால்வரின் சேகரிப்பு மதிப்பை எப்படிக் கணிப்பது?

கேள்வி இதுதான்: பல பத்தாண்டுகளுக்கு முன் வாங்கி அசல் பெட்டியிலேயே வைக்கப்பட்டிருந்த ரிவால்வர் ஒன்று விலைக்கு வருகிறது, அது ஒருமுறைகூடச் சுடப்படாதது என்கிறார் விற்பவர். அந்த ஒரு சொல்லை நம்பிக் கூடுதல் விலை கொடுக்கலாமா? வாங்கியபின் நான்கைந்து தோட்டா சுட்டுப் பார்த்தால் மதிப்பு குறைந்துவிடுமா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேகரிப்பாளர்கள் பணம் கொடுப்பது, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலை கலையாமல் இருப்பதற்குத்தான். சுடப்படாமை அந்த நிலைக்குரிய சான்றுகளில் ஒன்று. பல நேரங்களில் அது முதன்மையான சான்றுகூட இல்லை. கொஞ்சம் சுட்டு, ஒழுங்காகத் துடைத்து, பெட்டியும் காகிதங்களும் பிரியாமல் காக்கப்பட்ட ஒரு ரிவால்வர், சுடப்படாமலே தோல் உறைக்குள் கிடந்து புள்ளித் துரு பிடித்த அதே மாடலைவிட நல்ல விலைக்குப் போகும். ஆகவே "சுடப்பட்டதா" என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், "எது மாறியிருக்கிறது, அந்த மாற்றம் இந்த மாடலுக்கு எவ்வளவு முக்கியம்" என்று கேட்டுப் பழக வேண்டும்.

சுடப்படாதது என்ற சொல்லின் எல்லையையும் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தப் பெரிய நிறுவனத்தின் ரிவால்வரும் பொதுவாகத் தொழிற்சாலையிலேயே சோதனைக்காகச் சுடப்பட்டுத்தான் வெளியே வருகிறது. பிரிட்டனில் 1868ஆம் ஆண்டின் குழல் சோதனைச் சட்டப்படி, லண்டன், பர்மிங்ஹாம் சோதனை மனைகளிலோ அங்கீகரிக்கப்பட்ட வெளிநாட்டு மனையிலோ கூடுதல் அழுத்தமுள்ள தோட்டாவால் சோதித்து முத்திரை குத்தாமல் ஒரு துப்பாக்கியை விற்கவே முடியாது. எனவே சந்தையில் இந்தச் சொல்லுக்கு "தொழிற்சாலையை விட்டு வந்தபின் சுடப்படாதது" என்பதே பொருள். சில தொழிற்சாலைகள், தோட்டாக்கள் அமரும் சுழல் உருளையான சிலிண்டரின் எல்லா அறைகளிலும் சுடாமல் ஓரிரு அறைகளில் மட்டும் சுட்டுப் பார்ப்பது உண்டு. அதனால் சில அறைகளின் வாயில் மட்டும் மெல்லிய புகைக்கறை இருந்தால், அது விற்பவரின் பேச்சுக்கு எதிரான சான்றாகிவிடாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சுடப்பட்டதை நிரூபிக்கலாம், சுடப்படாததை யாராலும் நிரூபிக்க முடியாது. மூன்று தோட்டா சுட்டுவிட்டுப் பொறுமையாகத் துடைத்தவரின் ரிவால்வரையும், ஒருபோதும் சுடாதவரின் ரிவால்வரையும் கண்ணால் பிரித்தறிவது பெரும்பாலும் இயலாத காரியம். பிரித்தறிய முடியாத வேறுபாட்டுக்குப் பெரிய தொகை கொடுப்பது பொருளுக்குக் கொடுக்கும் விலை ஆகாது, கதைக்குக் கொடுக்கும் விலை ஆகிவிடும். கண்ணில் படுவதற்குக் கொடுங்கள்.

கண்ணில் படுவது எது என்று பார்ப்போம். முதலில் சிலிண்டர் காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, நல்ல வெளிச்சத்தில், சிறிய கைவிளக்கும் உருப்பெருக்கியும் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். சிலிண்டரின் முன்முகத்தில் ஒவ்வொரு அறை வாயையும் சுற்றி வளையமாகப் படியும் கருமைதான் எல்லாருக்கும் தெரிந்த அடையாளம். ப்ளூயிங் என்பது மேலே பூசிய வண்ணம் இல்லை, இரும்பின் மேற்பரப்பையே மாற்றி உண்டாக்கிய ஆக்சைடு படலம் என்பதால், அந்தக் கறையைத் தேய்த்து எடுத்தவர் பெரும்பாலும் ப்ளூயிங்கையும் சேர்த்தே மெலிய வைத்திருப்பார். சிலிண்டரின் பக்கங்கள் ஆழ்ந்த கருநீலமாக இருக்க, முன்முகம் மட்டும் வெளிறியிருந்தால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. துருப்பிடிக்கா எஃகிலும் நிக்கல் முலாமிலும் இந்தத் தடயம் எளிதில் மறைக்கப்படும். ஆகவே அவற்றில் சுத்தமான முன்முகத்தை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து, குழலின் பின்வாய்க்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள இடைவெளிக்கு நேர் மேலே, ரிவால்வரின் உடற்சட்டமான ஃபிரேமின் மேற்பட்டையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அதிக ஆற்றலுள்ள மேக்னம் வகைத் தோட்டாக்கள் அங்கே மெல்லிய வெட்டுக்கோடு ஒன்றை விட்டுச்செல்லும். அதைத் துடைத்து நீக்க முடியாது. சிலிண்டரை வெளியே சாய்த்து, தோட்டா அடிப்பகுதி மோதும் பின்தட்டில் பித்தளை நிறத்தில் பிறைவடிவத் தேய்வு தெரிகிறதா என்று பாருங்கள். .357 மேக்னம் அறைக்குள் அதைவிடக் குட்டையான .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுட்டிருந்தால், அறையின் உள்ளே அந்தத் தோட்டாவின் வாய் நின்ற இடத்துக்கு முன்னால் கரிவளையம் ஒன்று இருக்கும். எனக்குப் பிடித்த இடம் வேறு. வெறுங்கூடுகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டை மெல்ல உயர்த்தி, அதன் அடியில் விளக்கடித்துப் பாருங்கள். வெளியே பளபளவென்று துடைத்து வைத்தவர்களில் பலர் இந்த இடத்தை மறந்துவிடுவார்கள். எரியாத வெடிமருந்தின் சிறுசிறு செதில்கள் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கும்.

சிலிண்டரைச் சுற்றி ஓடும் தேய்வுக் கோட்டைப் பற்றித்தான் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. அது சுட்டதால் வருவதில்லை, சுழன்றதால் வருவது. அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவன ரிவால்வர்களில் சிலிண்டரை நிறுத்தும் தாழ், சிலிண்டரின் வெளிப்புறப் பள்ளத்தை விட்டு இறங்கிய சற்று நேரத்திலேயே மீண்டும் எழுந்து மேற்பரப்பை உரசிக்கொண்டே அடுத்த பள்ளத்துக்குப் போகிறது. ஆகவே வெறுமனே ட்ரிகரை இழுத்து விளையாடினாலே கோடு விழுந்துவிடும். 1873இல் வெளிவந்த, கோல்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியில் நிலைமை வேறு. ஒவ்வொரு முறையும் ஹேமரை, அதாவது தோட்டாவைத் தட்டும் சுத்தியலை, கையால் பின்னிழுத்தே சுட வேண்டிய ரிவால்வர் அது. அதில் ஹேமரை முழுவதும் பின்னிழுத்தே இறக்கினால் தாழ் ஒவ்வொரு பள்ளத்தின் வாயிலுக்கு அருகில்தான் சிலிண்டரைத் தொடும். பாதி இழுத்த நிலையிலிருந்து ஹேமரை அப்படியே இறக்கிவிட்டால், தாழ் பள்ளமில்லாத இடத்தில் விழுந்து முழுச் சுற்றுக் கோடு போட்டுவிடும். அந்தக் கோடுள்ள சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ஒருபோதும் சுடப்படாததாகவே இருக்கலாம். ஆனால் அதைக் கையாளத் தெரியாதவர்கள் கையாண்டிருக்கிறார்கள். சுட்டதும் சரி, தவறாகக் கையாண்டதும் சரி, சேகரிப்பாளருக்கு இரண்டுமே குறைதான். கோடே இல்லாத சிலிண்டருக்குக் கூடுதல் விலை கிடைப்பதன் காரணமும் இதுதான்: இயக்கிப் பார்க்கக்கூட இல்லை என்பதற்கு அதுவே கண்ணுக்குத் தெரியும் சான்று.

சுட்டதைவிட மதிப்பைப் பன்மடங்கு குறைப்பது மறுபூச்சு. தேய்ந்த ரிவால்வரை மெருகேற்றி மீண்டும் ப்ளூயிங் செய்து "புத்தம் புதியது போல" என்று விற்பது பழைய வழக்கம். மெருகுச் சக்கரம் கூரான விளிம்புகளை மழுக்கும், பொறித்த எழுத்துகளின் ஓரங்களைக் கரைக்கும், திருகுத் துளைகளைச் சுற்றிக் கிண்ணம் போலக் குழிய வைக்கும். ஃபிரேமின் பக்கத்தகடு மூடும் இணைப்புக்கோடு அசல் நிலையில் மயிரிழையாகக்கூடத் தெரியாது. மெருகேற்றியபின் அது தெளிவாகத் தெரியும். நிறமும் பேசும்: ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நெடுங்காலம் ஹேமரையும் ட்ரிகரையும் பலவண்ணச் சாயலுடைய கடினப்படுத்திய பரப்போடுதான் விட்டது, அவையும் கருநீலமாக இருந்தால், மொத்தமாகப் பிரித்து எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் முக்கியிருக்கிறார்கள் என்று பொருள். பிடியின் அடிப்பக்கத்தில் வரிசை எண்ணுக்கு அருகே நட்சத்திரக் குறி இருந்தால், அந்த ரிவால்வர் பழுதுபார்க்கவோ மறுபூச்சுக்கோ தொழிற்சாலைக்கே திரும்பிப் போய் வந்திருக்கிறது. தொழிற்சாலையே செய்த மறுபூச்சுக்கு வெளியார் செய்ததைவிடச் சற்று மரியாதை உண்டு. ஆனாலும் அசலின் விலை அதற்குக் கிடைக்காது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ரஷ்யாவின் எம்1895 நகான் ரிவால்வர். சோவியத் ஆயுதக் கிடங்குகளில் பழுதுபார்த்து, மறுபூச்சிட்டு, எண்ணெய் தடவி அடுக்கி வைத்திருந்தவை பின்னர் பெருந்தொகையாகச் சந்தைக்கு வந்தன. பார்ப்பதற்குப் பளிச்சென்று இருக்கும். கிடங்கை விட்டு வந்தபின் சுடப்படாதது என்பதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பளபளப்பு 1930களுக்கோ 1940களுக்கோ உரியது இல்லை. கிடங்கின் கை படாத, தேய்ந்த அசல் ஒன்று அதைவிட உயர்வாக மதிக்கப்படுவது புதிதாக வருபவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

திருகுத் தலைகளைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. காடி சிதைந்திருந்தால் யாரோ பொருந்தாத திருப்புளியால் திறந்திருக்கிறார்கள். பிடிப்பலகைகளைக் கழற்றிப் பார்ப்பது பயனுள்ளது, விற்பவர் சம்மதித்தால். பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்களில் வலப்பலகையின் உட்பக்கத்தில் ரிவால்வரின் வரிசை எண் இருக்கும். எண் பொருந்தினால் பலகை அசல். கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் முதல் தலைமுறையில் ஃபிரேம், ட்ரிகரைச் சுற்றிய வளையமான ட்ரிகர் கார்டு, பிடியின் பின்பட்டை ஆகிய மூன்றிலும் எண் ஒன்றாக இருக்க வேண்டும்.

பெட்டிக்கு வருவோம். பழைய அட்டைப்பெட்டி தனியாகவே விலைபோகும் பொருளாகிவிட்டது. அதனால் ஒரு ரிவால்வருக்கு வேறொன்றின் பெட்டியைச் சேர்த்து விற்பதும், போலிப்பெட்டி அச்சடிப்பதும் நடக்கின்றன. பெட்டியின் முனைச்சீட்டிலோ அடியில் கையால் எழுதியோ உள்ள எண், ரிவால்வரின் எண்ணோடு பொருந்துகிறதா என்பதுதான் முதல் சோதனை. பொருந்தாத பெட்டிக்கு அந்தக் காலத்துப் பெட்டி என்ற அளவில்தான் மதிப்பு. கையேடு, சுத்தம் செய்யும் கோல், திருப்புளி, எண்ணெய்த்தாள், உத்தரவாத அட்டை, வாங்கிய கடையின் ரசீது ஆகியவை ஒவ்வொன்றாகப் பார்த்தால் அற்பமானவை. ஒன்றும் குறையாமல் சேர்ந்திருக்கும்போது, அந்த ரிவால்வர் கைமாறாமல் அசையாமல் இருந்தது என்ற பேச்சுக்கு வேறெதையும்விட வலுவூட்டுபவை அவைதான்.

கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவும், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வரலாற்று அறக்கட்டளையும் கட்டணம் பெற்றுக்கொண்டு, ஒரு வரிசை எண்ணுக்குரிய பழைய பதிவேட்டு விவரங்களைக் கடிதமாகத் தருகின்றன. எந்த நாளில், யாருக்கு, எந்தக் குழல் நீளத்தில், எந்தப் பூச்சோடு அனுப்பப்பட்டது என்பது அதில் இருக்கும். ஆறு அங்குலக் குழலும் ப்ளூயிங்கும் என்று கடிதம் சொல்ல, கையிலிருப்பது நான்கு அங்குல நிக்கலாக இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: அந்தக் கடிதம் எண்ணுக்குச் சாட்சி, பொருளுக்குச் சாட்சி இல்லை. சுடப்பட்டதா இல்லையா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை; சொல்வதாகக் கடிதத்தை நீட்டும் விற்பவரிடம் கவனமாக இருங்கள்.

இவ்வளவும் பார்த்து, உண்மையில் தொடப்படாத ரிவால்வர்தான் என்று மனம் நிறைந்தாலும், அதற்கு எவ்வளவு கூடுதல் விலை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு விடை, அந்த மாடலில் எத்தனை அந்த நிலையில் எஞ்சியிருக்கின்றன என்பதில் இருக்கிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10 பல பத்து லட்சம் எண்ணிக்கையில் தயாரான வேலைக்கருவி. சுடப்படாத ஒன்று கிடைத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் அதைத் தேடி அலைபவர்கள் குறைவு. கோல்ட் பைத்தான் 1955இல் வெளிவந்து 2005இல் நின்றது; கையால் மெருகேற்றிய அதன் ராயல் ப்ளூ பூச்சுக்காகவே வாங்குபவர்கள் பலர் என்பதால், அந்தப் பூச்சில் ஒரு கீறல்கூட விலையில் எதிரொலிக்கும். 2020இல் கோல்ட் அதே பெயரில் புதிதாகத் தயாரிக்கத் தொடங்கியபோது, சுடுவதற்காக வாங்குபவர்களுக்குப் புதிய வழி கிடைத்தது. பழைய பைத்தானில் இன்று தேடப்படுவது அந்தக் காலத்து வேலைப்பாடுதான் என்பது அதன்பின் இன்னும் தெளிவாகியிருக்கிறது.

நினைவுப் பதிப்புகள் நேர் எதிரான பாடம். 1960களிலிருந்து நகர நூற்றாண்டுகளுக்கும் வரலாற்று நிகழ்வுகளுக்கும் நிறுவனங்கள் தங்கப் பொறிப்போடு வெளியிட்ட ரிவால்வர்களை வாங்கிய அனைவரும் முதலீடு என்று எண்ணிப் பெட்டியிலேயே பூட்டி வைத்தார்கள். விளைவு, சுடப்படாத பிரதிகள்தான் சந்தையில் ஏராளம். அங்கே சுடப்படாமை தகுதித் தேர்வு மட்டுமே. அதற்குத் தனி மதிப்பெண் கிடையாது. சுட்டுவிட்டால் மட்டும் சாதாரண ரிவால்வரின் விலைக்குச் சரிந்துவிடும். ஆகவே பரிசோதனை என்று வரும்போது எல்லா வகைகளிலும் இதில்தான் நான் மிகக் கடுமையாக இருப்பேன், விலை பேசும்போது மிகக் கஞ்சனாகவும் இருப்பேன்.

மறுமுனையில் 1847இன் கோல்ட் வாக்கர் இருக்கிறது. மொத்தம் 1,100தான் தயாரானது. அவற்றில் 1,000 ராணுவத்துக்குப் போய்ப் போர்க்களத்தில் அடிபட்டன. பூச்சு முழுவதும் போய்ச் சாம்பல் நிறமானவைகூடப் பெருந்தொகைக்குப் போகின்றன என்றால், தன் பேழையோடு நல்ல பூச்சில் எஞ்சிய ஒன்று 2018இல் அமெரிக்க ஏலத்தில் 18.4 லட்சம் டாலருக்குப் போனதில் வியப்பில்லை. 1935இல் தொடங்கிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரெஜிஸ்டர்டு மேக்னமும் இந்த வரிசையில் சேர்ந்ததே. வாங்குபவர் கேட்டபடி குழல் நீளம் முதலியவற்றை அமைத்து, பதிவு எண்ணும் சான்றிதழும் கொடுத்துச் செய்த அதன் முதல் பிரதி, எஃப்பிஐ இயக்குநர் ஜே. எட்கர் ஹூவருக்குப் போனது. ஏறத்தாழ 5,500 மட்டுமே தயாரான அதில், பதிவுச் சான்றிதழ் பிரியாமல் இருப்பது, சுடப்படாமல் இருப்பதற்குச் சற்றும் குறையாத செய்தி.

சுட்டதனாலேயே விலை உயர்ந்த ரிவால்வரும் உண்டு. 1881 ஜூலை 14 அன்று நியூ மெக்சிகோவில் பேட் கேரட் என்ற ஷெரிஃப் பில்லி த கிட் என்ற பேர்பெற்ற கொள்ளையனைச் சுட்டுக்கொன்ற கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி, 2021இல் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அங்கே விலை முழுவதும் யார் கையிலிருந்தது என்பதற்கான ஆவணத்தில் நிற்கிறது.

தரப்படுத்தலில் அசல் பூச்சு எத்தனை விழுக்காடு எஞ்சியிருக்கிறது என்று எண்ணால் சொல்வது வழக்கம். அந்த எண்ணுக்கும் விலைக்கும் உள்ள உறவு நேர்கோடு இல்லை. நடுப்பகுதியில் பத்து விழுக்காடு கூடினாலும் குறைந்தாலும் விலை மெதுவாகத்தான் அசையும். 98க்கும் 100க்கும் இடையிலோ அது செங்குத்தாக ஏறும். அந்தக் கடைசி இரண்டில்தான் பெட்டி, காகிதம், கோடில்லாத சிலிண்டர், கறைபடாத முன்முகம் எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஆகவே 97 விழுக்காடுள்ள ஒன்றைச் "சுடப்படாதது" என்ற சொல்லால் 100இன் விலைக்கு விற்க முயல்பவரிடம் வாதாட வேண்டாம். 97இன் விலையைச் சொல்லிவிட்டு நில்லுங்கள். அந்த விலையையும், விற்பனைக்கு எழுதி வைத்திருக்கும் தொகைகளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முடிந்துபோன ஏலங்களில் அதே மாடல், அதே குழல் நீளம், அதே பூச்சு எவ்வளவுக்குப் போனது என்று தேடி, வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குச் செலுத்தும் கட்டணமும் அந்தத் தொகையில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

சிறு மாற்றங்களும் இதே கணக்கில் வரும். 1973க்கு முந்தைய ரூகர் சிங்கிள் ஆக்‌ஷன்களுக்கு, தவறி விழுந்தால் வெடித்துவிடாதிருக்க, நிறுவனமே இலவசமாகப் பாதுகாப்புப் பாகங்களைப் பொருத்திக் கொடுத்து, கழற்றிய பழைய பாகங்களையும் திருப்பி அனுப்பியது. பயன்படுத்துபவருக்கு அது நல்லது. சேகரிப்பாளர் மாற்றாததையே விரும்புவார், மாற்றியிருந்தால் அந்தப் பழைய பாகங்கள் உள்ள சிறுபையைக் கேட்பார். 1915இன் வெப்ளி மார்க் 6 ரிவால்வர்களில் பலவற்றின் சிலிண்டரை, அமெரிக்காவில் எளிதில் கிடைக்கும் .45 ஏசிபி தோட்டாவுக்காகப் பின்பக்கம் சீவிவிட்டார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் அந்த ரிவால்வருக்கு அதிகம் என்பது ஒருபுறமிருக்க, சீவாத அசல் .455 சிலிண்டருள்ளதுதான் இன்று தேடப்படுகிறது.

இனி, சுடலாமா என்ற கேள்வி. பெட்டி பொருந்தி, காகிதங்கள் முழுமையாக இருந்து, சிலிண்டரில் கோடே இல்லாமல் இருந்தால் சுடாதீர்கள். ட்ரிகரை இழுத்துப் பார்க்கவும் வேண்டாம், வந்தவர்களிடம் இயக்கிக் காட்டவும் வேண்டாம். ஆறு தோட்டாவின் இன்பத்துக்காக அந்தக் கடைசி இரண்டு விழுக்காட்டைக் கொடுப்பது வீண், அதே பணத்தில் சுடுவதற்கென்று இன்னொன்று வாங்கலாம். ஏற்கெனவே கோடு விழுந்த, பெட்டி இல்லாத, சாதாரண மாடல் என்றால், தகுதியான ஒருவரிடம் காட்டிப் பாதுகாப்பை உறுதிசெய்துகொண்டு மிதமான தோட்டாவோடு தாராளமாகச் சுடுங்கள். துடைத்து வைத்தால் நீங்கள் இழப்பது சொற்பம்.

வாங்கியபின் வைக்கும் முறையில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். தோல் உறைக்குள் வைக்காதீர்கள்; பதனிட்ட தோலின் அமிலமும் ஈரமும் ப்ளூயிங்கைத் தின்றுவிடும். அசல் அட்டைப்பெட்டியும் ஈரம் உறிஞ்சும் என்பதால், ரிவால்வரை ஒரு பக்கமும் பெட்டியை இன்னொரு பக்கமுமாக வைப்பது நல்லது. பூச்சின்மேல் பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான வகை நுண்படிக மெழுகை மெல்லியதாகத் தடவினால் போதும். நிக்கல் முலாமில் அமோனியா கலந்த கரைப்பானைத் தொட விடாதீர்கள். முலாமுக்கு அடியில் செம்புப் படலம் இருந்தால், சிறு கீறல் வழியே இறங்கி அதை அரித்து முலாமையே உரித்துவிடும். மங்கலாகத் தெரிகிறது என்று மெருகுப்பசை போடவே வேண்டாம். வாங்கிய அன்றே சிலிண்டரின் முன்முகம், பின்தட்டு, மேற்பட்டையின் அடி, திருகுத் தலைகள், பெட்டியின் எண் ஆகியவற்றை நெருக்கமாகப் படமெடுத்துத் தேதியோடு வைத்திருங்கள். நீங்கள் விற்கும்போது உங்கள் வாய்ச்சொல்லுக்குப் பதில் நீட்டுவதற்கு அவை இருக்கும்.